நான்காம் பகுதி

மார்ச் 2, 2024, சனி

எங்கள் வாட்ஸ்அப் எழுத்தாளர் குழுவில் இன்று கதை நாள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தோட்டங்களிலும், கம்பம் எனப்படும் சிற்றூர்களிலும் இருந்து எழுதுபவர்கள் கதைகளைப் பகுதி பகுதியாகப் பதிகிறார்கள். தேர்ந்தவை ஆண்டிறுதியில் நூலாகும். மாலை ஆறு மணிக்குக் குழுவை அடைத்துவிட்டு நான் கருத்துரை எழுதுவேன். நான் வகுத்த விதிதான். விதி இல்லாவிட்டால் குழு வாழ்த்துப் படங்களில் மூழ்கிவிடும்.

லாபிஸுக்கு அப்பாலுள்ள செம்பனைத் தோட்டத்திலிருந்து யோகேஸ்வரி என்பவரின் முதல் கதை. தம்பி விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் புறப்படுகிறான். மூன்றாம் பகுதியில் தொலைபேசி ஒலிக்கிறது, அக்காள் எடுக்கவில்லை. அத்துடன் நின்றது.

எழுதினேன்: “மொழி நன்று. ஆயினும் முடிவை எதிர்கொள்ள ஆசிரியருக்குத் துணிவில்லை. தொகுப்புக்கு ஏற்றதன்று.”

மார்ச் 3

யோகேஸ்வரி குழுவிலிருந்து விலகிவிட்டார்.

மார்ச் 5

குழுவை என்னுடன் நடத்தும் ரூபேந்திரன் அழைத்தார்.

“சிவம் அண்ணே, அந்தப் பொண்ணு தோட்டத்துல லைனே கிடைக்காது லா. மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துதான் அனுப்புது. அன்னைக்கு மழை வேற. நாலாவது பார்ட் போறதுக்குள்ள நீங்க குரூப்ப மூடிட்டீங்க.”

“முன்னரே அனுப்பியிருக்கலாமே?”

“கதையில வர்றது அதோட சொந்தத் தம்பிண்ணே. செத்துப் போயிட்டான்.”

துணிவில்லை என்று நான் யாரைச் சொன்னேன்? அதுவும் எல்லார் முன்னும் —

மார்ச் 6

யோகேஸ்வரியை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். நான்காம் பகுதியை அனுப்பினால் உடனே பதிவதாகச் சொன்னேன்.

“வேணாம் சார். இப்ப பாவம் பார்த்துப் போடுவீங்க. அதுக்கா எழுதினேன்?”

“விதிப்படி, மேல்முறையீடு என்று ஒன்று...”

“உங்க விதியெல்லாம் நீங்க இருக்கிற பத்து பாகாட் டவுனுக்குச் சரி சார். இங்க வந்து பஸ் ஸ்டாப்புல நின்னு பாருங்க.”

வைத்துவிட்டார். இனி எழுதுவாரா என்று கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 9, சனி

குழுவில் பொது மன்னிப்புப் பதிந்தேன். ரூபேந்திரன்: “அலமாக்! மன்னிப்புக்கும் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டா எழுதுவீங்க?”

ஆறு மணிக்கு அடைக்கவில்லை. இனியும் அடைப்பதில்லை.

ஏப்ரல் 16

தோட்டத்துக்காரர்களுக்கென்று யோகேஸ்வரி தனிக்குழு தொடங்கியிருக்கிறாராம். சேர்த்துக்கொள்ளுமாறு விண்ணப்பித்தேன். ஐம்பது வயதில், வாசல் திறக்குமா என்று காத்திருப்பது புதிதாக இருக்கிறது.

ஏப்ரல் 20

சேர்த்துக்கொண்டார். ஒரே ஒரு செய்தி: “சார், இங்க யாரும் மார்க் போடக்கூடாது. படிக்கலாம், அவ்வளவுதான்.”

சரி என்றேன்.

ஏப்ரல் 27, சனி

பிற்பகலில் யோகேஸ்வரி கதையைத் தொடக்கத்திலிருந்து பதிந்தார். மூன்று பகுதிகள் வந்தன. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருட்டும் நேரத்தில் நான்காவது வந்தது.

இம்முறை அக்காள் தொலைபேசியை எடுக்கிறாள். தனியாகப் பேருந்தேறி ஜொகூர் பாரு மருத்துவமனைக்குப் போகிறாள். தம்பியை அடையாளம் காட்டிவிட்டு, அவன் காலுறையை நேராக்குகிறாள்.

இருமுறை படித்தேன். அந்தக் குழுவின் விதிப்படி, ஒன்றும் எழுதவில்லை.