மொட்டை மாடியில் சொன்ன சரி

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தறிகள் எல்லாரும் கோமதி அம்மன் புண்ணியத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறோம். டப்ளின் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனை நம்பி நான் பட்ட பாடு போதும், அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஊருக்குக் கிழக்கே சும்மா கிடந்த விமானத் திடலில் பயிற்சிப் பள்ளி வந்தது உனக்குத் தெரியும். நீ போகும்போது ஒன்றோ இரண்டோதான் பறந்தன. இப்போது பிள்ளைகள் நிறையச் சேர்ந்துவிட்டார்கள் போல, காலையில் பால் காய்ச்சும்போது தொடங்கினால் வெயில் சாயும்வரை ஒன்று மாற்றி ஒன்று நம் தெருவுக்கு மேலேதான் வட்டமடிக்கிறது. இறங்குகிற மாதிரி போய்ச் சக்கரம் தரையைத் தொட்டதும் உடனே மறுபடி ஏறி வருவதுதான் பயிற்சியாம். அது ஏறுகிற சத்தத்தில் குக்கர் விசில்கூடக் கேட்பதில்லை, இந்த வாரம் இரண்டு தடவை பருப்பு குழைந்துவிட்டது. தெருக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுத்தோம், பாதையைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். உன் அப்பா மட்டும் கையெழுத்துப் போடவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே விசைத்தறிச் சத்தத்தில் கிடப்பவருக்கு இது தாலாட்டு. சாயங்காலம் மாடியில் நின்றுகொண்டு, ஏலே மூக்கைத் தூக்குலே, வேலியில இடிச்சிரப் போற என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார். கார் ஓட்டப் படிக்கப் போய் மூன்றாம் நாளே திரும்பி வந்த மனுஷர்.

விஷயம் இனித்தான் இருக்கிறது. வீட்டுக்குள் தறி ஓடுவதால் உன் போன் வந்தால் நான் மொட்டை மாடிக்கு ஓடுவேன் அல்லவா, போன வாரம் நீ கூப்பிட்டபோதும் ஓடினேன். நீ என்னவோ நீளமாகச் சொல்லுகிறாய், தலைக்கு மேலே அந்த எல் போர்டு விமானம் சுற்றுகிறது, ஒரு சொல்கூட விளங்கவில்லை. தறிக்காரர் வீட்டுப் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே, காது கேட்காவிட்டால் எதற்கும் தலையை ஆட்டிச் சரி என்று சொல்லிவிடுவோம். அதே வாக்கில், சரிட்டி, சரி, நல்லா சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ மூக்கை உறிஞ்சின மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கிறது போல என்று, மிளகு ரசம் வைத்துக் குடி என்று மெசேஜ் வேறு அனுப்பினேன்.

நேற்றுக் காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கரிவலம்வந்தநல்லூரில் இருந்து முத்துமாரி என்று ஒரு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும். கையில் தாம்பாளம், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு பந்து பிச்சிப்பூ. நான் நம் தறியில் நெய்த துண்டு வாங்க வந்தவர்கள் என்று நினைத்து, மொத்தமா சில்லறையா என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, மதினி, எங்க பையன் கோமதிசங்கரும் டப்ளின்லதான் இருக்கான், வேல்விழி உங்ககிட்ட பேசிட்டாளாம், நீங்களும் சரின்னுட்டீங்களாம், அதான் பூ வச்சிட்டுப் போலாம்னு வந்தோம் என்றார். அப்பா என்னைப் பார்க்கிறார், நான் அப்பாவைப் பார்க்கிறேன். நம் ஆட்கள் இல்லை என்பதும் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. உன் பெரியப்பா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

என் முகத்தைப் பார்த்ததுமே அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. கோபப்படவே இல்லை. தாம்பாளத்தைத் துணியால் மூடிக்கொண்டு எழுந்து, நீங்க பிள்ளைகிட்ட நிதானமாப் பேசுங்க, நாங்க பூ மார்க்கெட்டுக்கு வந்த இடத்துல தண்ணி குடிக்க நுழைஞ்சோம்னு வச்சுக்கிடுங்க, தெருவுல யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுதோம், பிள்ளைய மட்டும் வையாதீங்க என்றார். உன்னைப் போட்டோவில் மட்டும் பார்த்த பெண்மணி, உனக்காக என்னிடம் கெஞ்சுகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையைப் பிடித்து உட்கார வைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன், பூவை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு நீ சொன்னது காதில் விழுந்திருந்தால் நான் சரி என்று சொல்லியிருக்கவே மாட்டேன். முடியாது என்று கத்தியிருப்பேன், நீயும் என்னைப்போல் பிடிவாதக்காரி, நமக்குள் பேச்சே நின்றிருக்கும். விமானம் குறுக்கே வந்ததால் மறுப்பதற்கு முன்னால் ஆட்களைப் பார்த்துவிட்டேன். சாயங்காலம் அப்பாவிடம் கேட்டால், நீ சொன்ன வாக்கு சொன்னதுதான, மாத்தப்படாது என்கிறார், சிரிக்காமல். பெரியப்பாவிடம் அவரே பேசிக்கொள்கிறாராம். அதனால் சத்தம் எதுவும் இல்லாத நேரம் பார்த்து, முழு நினைவோடு எழுதுகிறேன், எங்களுக்குச் சம்மதம். அந்தப் பையனுக்குச் சோறு வடிக்கவாவது தெரியுமா என்று மட்டும் விசாரித்து எழுது.

அம்மன் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள். நைட் டியூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. இந்தக் கடிதம் கிடைத்தபின் வருகிற ஞாயிற்றுக்கிழமை தறியும் ஓடாது, விமானமும் பறக்காது, அன்றைக்குக் கூப்பிடு. அன்றைக்குப் போனில் சொன்னதை முதலில் இருந்து அப்படியே சொல்ல வேண்டும், அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று சுருக்கிவிடாதே. அடுத்தவர் வாயால் கேட்டுவிட்டேன், என் மகள் வாயால் நான் இன்னும் கேட்கவில்லை.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
கோமதியம்மாள்