நம் வீட்டுத் தாள்

பெய்ரூட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லமாவுக்கு அம்மா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீயும் மான்ட்ரியால் குளிரும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தம் சொல்வார், நான் சொல்ல வந்ததே மறந்துபோகும். எதிர்வீட்டு மர்வான் அடுத்த வாரம் அங்கே வருகிறான், அவன் கையில் இதையும் ஸாத்தர் பொடியும் காயவைத்த முலூக்கியா கீரையும் கொடுத்தனுப்புகிறேன். போன தடவை மாதிரி பொடியை அறைத் தோழிகளுக்கே வாரிக் கொடுத்துவிடாதே, உனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்.

ஊர்த் தேர்தல் என்ன ஆயிற்று என்று நீ கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன் இல்லையா, அதைத்தான் இப்போது எழுதுகிறேன். தள்ளித் தள்ளி வைத்த நகராட்சித் தேர்தல் ஒருவழியாக இந்த மே மாதம் நடந்தது. வழக்கம்போல உன் ஃபுவாத் பெரியப்பா ஒன்பது பேர் அணியைச் சேர்த்துத் தலைமைக்குத் தானே நின்றார். அந்த ஒன்பதில் உன் பெரியம்மாவின் தம்பி கமீலும் ஒருவர். நம் ஊர் ஐன் தூத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுகிற பொறுப்பு அவரிடம்தான், அதனால் அவர் தோட்டத்து எலுமிச்சை மரங்கள் எப்போதும் பச்சை, மேட்டுத் தெருவில் மட்டும் கோடை பிறந்தால் லாரித் தண்ணீர். அந்தத் தெருவில் இருக்கிற நம் நுஹாத் சித்தி, உன் அப்பாவின் சித்தப்பா மகனைக் கட்டி விதவையானவள், எந்த அணியிலும் சேராமல் தனியாக நின்றாள். ஊருக்கு வாழவந்தவளுக்கு என்ன இவ்வளவு துணிச்சல் என்று பேசாத வாய் இல்லை. நானும் வாழவந்தவள்தான், எனக்குச் சுருக்கென்றது.

நம் வீட்டுத் தாள் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. பெரியப்பா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்பது பெயரையும் அச்சடித்துக் கொடுப்பார், அதைத்தான் ஓட்டுச்சீட்டாகப் பெட்டியில் போடுவோம், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் வரிசை வேறு. நமக்கு முதலில் பெரியப்பா, அடுத்து பல் டாக்டர், மூன்றாவது கமீல். உன் அத்தை வீட்டுத் தாளில் கமீல் கடைசி. எண்ணும்போது பெயர்களைச் சத்தமாக வாசிப்பார்கள், பெரியப்பாவின் ஆள் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இது இன்னார் வீடு என்று தலையாட்டுவான். ஒரு பெயரை அடித்து வேறு பெயர் எழுதச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அடித்தது யார் என்று அந்த நிமிஷமே ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் நம் வீட்டில் யாரும் அடித்ததில்லை. சண்டைக் காலத்தில் நம்மைத் தன் வீட்டில் வைத்து ரொட்டி போட்டவர் பெரியப்பா, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்வதா என்பார் அப்பா, நானும் சரி என்றுதான் இருந்தேன்.

தேர்தல் காலையில் ஊருக்குப் போனோம், நுஹாத் வீட்டைத் தாண்டித்தான் ஓட்டுப்போடுகிற பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். வாசலில் நின்றிருந்தவள் உள்ளே வாங்க என்றாள். அக்கா, உங்க தாள் எந்த வரிசைன்னு எனக்கும் தெரியும், நான் ஓட்டு கேக்கல, காபி குடிச்சுட்டுப் போங்க என்றாள். குடித்து முடித்ததும் ஒரு கை அளவு நீரில் குவளைகளை அலசி, அந்தத் தண்ணீரைப் புதினாத் தொட்டியில் ஊற்றினாள். பழக்கமாகிப் போன கை, யோசிக்கவே இல்லை. வெளியே வந்ததும் அப்பா, வதாத், நீ எதையாவது ஏடாகூடமாப் பண்ணி வைக்காதே என்றார். நான் என்ன பண்ணப்போறேன், நீங்க சும்மா வாங்க என்றேன். திரைக்குப் பின்னால் போய் நின்றேன், கைப்பையைத் துழாவினால் பேனா இல்லை, புருவம் தீட்டுகிற பென்சில்தான் அகப்பட்டது. கமீல் பெயரை அடித்து நுஹாத் என்று எழுதினேன். திருடுகிற மாதிரி இருந்தது லமா.

எண்ணுகிற இடத்தில் ஊரே கூடியிருந்தது. பெரியப்பா பெயர், பல் டாக்டர் பெயர், அடுத்து நுஹாத் என்று அதிகாரி வாசித்தாரே, என் உயிர் என்னிடம் இல்லை. எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. கமீலின் ஆள் எழுந்து தாளைக் காட்டச் சொன்னான். அதிகாரி தூக்கிப் பிடித்தார், நீல மையில் அடித்திருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அதே வரிசையில் இன்னொன்று வந்தது, இந்தத் தடவை பழுப்புப் பென்சில். இது செல்லாது, பொம்பளைங்க மை என்று அந்த ஆள் கத்தினான். எழுத்து புரியுது, எதால எழுதணும்னு சட்டத்துல இல்ல என்று சொல்லிவிட்டார் அதிகாரி. இப்போது அப்பா மின்விசிறியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

எட்டு இடம் பெரியப்பா அணிக்குச் சுலபமாகப் போனது. ஒன்பதாவது இடத்துக்குக் கமீலும் நுஹாத்தும் சரிக்குச் சரி. எங்கள் இருவரில் ஒருவர் பயந்திருந்தாலும் அவள் அங்கேயே தோற்றிருப்பாள். ஓட்டு சமமென்றால் வயதில் மூத்தவருக்கு என்பது சட்டம். கமீல் சிரித்துக்கொண்டே எழுந்து, எனக்கு அம்பத்தேழு, அவங்க அம்பத்திமூணுன்னு அவங்களே ஊர் முழுக்கச் சொல்லியிருக்காங்களே என்றார். உண்மைதான், நுஹாத்தின் வயது பல வருஷமாக ஐம்பத்துமூன்றில்தான் நிற்கிறது. அவள் நேரே நடந்துபோய் அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தாள். எனக்கு அறுபது ஆகப்போகுது, சத்தமாப் படிங்க என்றாள். சபையே சிரித்தது, எதிரணிக்காரர்களும்தான். அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

திரும்பி வரும்போது காரில் பாதி வழி தாண்டியிருப்போம். அப்பா, புருவப் பென்சிலா என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் நாள் பெரியப்பா அப்பாவுக்குப் போன் செய்தார். அவர் குரல் எனக்கும் கேட்டது. உன் இஷ்டத்துக்குப் போடணும்னா ஒரு வெள்ளைத்தாள்ல கையால எழுதிப் போட்டிருக்கலாமேடா, எவனுக்குத் தெரிஞ்சிருக்கும், என் தாள்லயே அடிச்சு ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கணுமா என்று கத்தினார். நான் திகைத்துப்போனேன். வெள்ளைத்தாளில் எழுதிப் போடலாம் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியவே தெரியாது, ஓட்டு என்றால் பெரியப்பா கொடுக்கிற தாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் மெதுவாக, தெரியும்ணே, வெள்ளைத்தாள்ல போட்டா உனக்கு ஒளிச்சுப் போட்ட மாதிரி ஆயிடும், உன்கிட்ட எனக்கு என்ன ஒளிவு என்றார். அப்புறம் பெரியப்பா போனை வைத்துவிட்டார், இன்னும் பேசவில்லை. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ பெரியப்பாவுக்கு ஒரு போன் போடு, தேர்தலைப் பற்றி ஒன்றும் கேட்காதே, அவருடைய சர்க்கரையைப் பற்றி விசாரி, உன் குரலுக்கு இளகுவார். மேட்டுத் தெருவுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை, ஆனால் முதல் கூட்டத்திலேயே நுஹாத் குழாய்ச் சாவி யாரிடம் என்று கேட்டுவிட்டாளாம்.

கடைசியாக உனக்கு ஒன்று. உன் கல்யாணம் பதிவானதும் உன் பெயர் நம் ஊரை விட்டு மாப்பிள்ளை ஊர் வாக்காளர் பட்டியலுக்குப் போய்விடும், என் பெயர் போன மாதிரியே. அங்கேயும் ஒரு பெரியப்பா இருப்பார், உனக்கும் ஒரு தாள் நீட்டுவார். மரியாதையாக வாங்கிக்கொள், அவர் வீட்டில் காபி கொடுத்தால் குடி. ஆனால் திரைக்குப் பின்னால் போய் நின்றாயானால் அங்கே உனக்கு மாமனார் கிடையாது, புருஷன் கிடையாது, அம்மாவும் கிடையாது கண்ணு.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

உன் அம்மா,
வதாத்