இருபத்திரண்டு இடது கால்கள்

கொட்டச்சேடு,
15.3.1936, ஞாயிறு.

அன்பு மகன் சிரஞ்சீவி குழந்தைவேலுக்கு அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும், அடிவாரத்தில் உன் அக்கா காவேரியும் அவள் வீட்டாரும், போன மாதம் கன்று போட்ட செவலைப் பசுவும் சுகம். அங்கே பட்டணத்தில் நீயும் உன் பந்தாட்டச் சிநேகிதர்கள் பத்துப் பேரும், முக்கியமாக உங்கள் கால்கள் இருபத்திரண்டும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் காணோமே, அப்பாவுக்குக் கோபம் போலிருக்கிறது என்று நீ ஆஸ்டல் மூலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கால்கள் வந்து சேரத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். என்ன கால்கள் என்று கேட்கிறாயா, பொறு, வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் நடுவில் சிரிப்பு வந்து பேனா ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் கடிதத்தை வழக்கம்போல் மாலையில் தோட்டத்து ஆட்களுக்குக் கூலிப் பேர் போட்டு முடித்ததும் காப்பி காயப்போடும் களத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். நீ எழுதுவது இந்த ஐயாக்கண்ணு ரைட்டருக்கு மட்டுமா வருகிறது, எஸ்டேட் லைன் வீடு அத்தனைக்கும் அல்லவா வருகிறது, படிக்காமல் விட்டால் மறுநாள் ஒருத்தரும் கூடையைத் தூக்க மாட்டார்கள். எட்டு ஆட்டம் ஆடினோம், எட்டிலும் தோற்றோம், கோல் காத்தவன் நானே, என்னைத் தாண்டி முப்பத்தொரு பந்து வலைக்குள் போயிற்று, நாங்கள் போட்டது இரண்டே கோல், அதில் ஒன்று எதிரணிப் பையன் தவறித் தன் பக்கத்து வலையிலேயே உதைத்தது என்று நீ எழுதியதை எழவுச் செய்தி படிக்கிற குரலில் படித்தேன். பிறகு மருதாயிதான், கூடை தைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி, "முப்பத்தொண்ணு தாண்டிப் போச்சு சரிங்க, நம்ம தம்பி புடிச்சது எத்தனைன்னு எழுதலீங்களா?" என்று கேட்டாள். நானும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. அத்தனை படித்தவர்கள் இருக்கிற காலேஜில் போனதை எண்ண ஆள் இருக்கிறது, பிடித்ததை எண்ண ஆள் இல்லையா, அடுத்த கடிதத்தில் அதைக் கண்டிப்பாக எழுது, மருதாயி தினமும் கேட்கிறாள். கடைசியில் நீ எழுதியிருந்த நாலு வரியை மட்டும் நான் படிக்கவில்லை. போன வருஷம் இதே களத்தில் நின்று கோப்பையைக் கொட்டச்சேட்டுக்குக் கொண்டுவருவேன் என்று சொன்ன வாயோடு இப்போது எந்த முகத்தைக் காட்டுவேன், லீவுக்கு ஊருக்கு வரவில்லை, ஆஸ்டலிலேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. சித்திரையில் பையன் வருகிறானா என்று யார் கேட்டாலும் வருகிறான் வருகிறான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன், ஆகவே என்னைப் பொய்யனாக்குவதும் ஆக்காததும் உன் கையில் இருக்கிறது.

இப்போது கால் விஷயம். அன்று நான் மடித்து வைத்ததும் காளியண்ணன் மேஸ்திரி எழுந்து, யாருக்காவது அடி கிடி பட்டதா என்று கேட்டார். நீதான் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாயே, ஒருத்தருக்கும் சிறு காயம்கூட இல்லை என்று, அவசரத்தில் அதை விட்டிருந்தேன், காகிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். படித்ததுதான் தாமதம், பின்னால் நின்றிருந்த உன் அம்மா பெருங்குரலில் குலவை போட்டாள் பார், அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் போட, எட்டு ஆட்டம் தோற்ற கூட்டத்துக்கு இந்த உலகத்தில் குலவை விழுந்தது இங்கே மட்டுமாகத்தான் இருக்கும். விஷயம் என்னவென்றால், போன வைகாசியில் நீ களத்தில் பந்து உதைத்துக் கணுக்காலை வீங்க வைத்துக்கொண்டு நின்றாயல்லவா, நீ கோப்பை கோப்பை என்று பேசிக்கொண்டிருந்தபோது உன் அம்மா அந்தக் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நீ பஸ் ஏறிய அன்றே அம்மன் கோயிலுக்குப் போய், ஆட்டக் காலம் முடிகிறவரை பதினோரு பிள்ளைகளின் கால் இருபத்திரண்டும் பழுதில்லாமல் இருந்தால் மண்ணில் இருபத்திரண்டு கால் செய்து வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அடிப் பாவாயி, போனதுதான் போனாய், ஜெயிக்க வேண்டும் என்று கூட ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கக் கூடாதா என்று உன் அம்மாவைப் பேர் சொல்லியே கேட்டேன். "ஏனுங்க, சாமிகிட்ட ஒரு தடவைக்கு ஒண்ணுதான் கேக்கோணும், ரெண்டைக் கேட்டா எதைக் குடுக்கறதுன்னு அம்மனே முழிக்கும்" என்கிறாள். இதைக் கேட்ட மேஸ்திரி சும்மா இருப்பாரா. "ரைட்டருங்க, இப்பத்தான் எனக்கு வெவரம் புரியுதுங்க. பந்துகிட்டப் போனாத்தானுங்க காலுக்கு ஆபத்து, அதனால அம்மன் பையங்களைப் பந்துகிட்டயே போகவுடலீங்க" என்று முடித்துவிட்டார். களமே உருண்டு சிரித்தது. உன் அம்மாவுக்குத்தான் முகம் சுருங்கிப் போயிற்று. "அப்ப நாந்தான் என்ற புள்ளையைத் தோக்கடிச்சனா?" என்று கேட்டவள் மறுநாள் மத்தியானம் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள், ரசத்தில் உப்புப் போடவில்லை. அப்புறம் பசு கொட்டாயில் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது, சரி, மழை ஓய்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வேண்டுதல் பலித்துவிட்டது, செய்துதானே ஆக வேண்டும். அடிவாரத்தில் காவேரி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு குயவர் இருக்கிறார், அவருக்கு நானே என் கைப்பட, மண்கால் இருபத்திரண்டு, முழங்கால் வரை, சீக்கிரம் தேவை என்று சீட்டு எழுதி அனுப்பினேன். பத்து நாளில் வைக்கோல் வைத்து இரண்டு சாக்கில் கட்டி, பஸ் மேலே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வருகிற வழியில் ஒரு வளைவில் சாக்கின் வாய் அவிழ்ந்து, அஞ்சு விரலும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கால் பக்கத்துச் சன்னலுக்கு நேரே தொங்கியிருக்கிறது. அதைப் பார்த்து ஒரு அம்மாள் போட்ட கூச்சலில் டிரைவர் வண்டியை நிறுத்தி, எல்லோரும் இறங்கி, பாதிப் பேர் கும்பிட்டு, பாதிப் பேர் திட்டி, ஏற்காடு வந்து சேர ஒரு மணி நேரம் அதிகமாயிற்றாம். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. வீட்டில் சாக்கை அவிழ்த்து வரிசையாக அடுக்கினால், கண்ணு, இருபத்திரண்டும் இடது கால்! கட்டைவிரல் அத்தனையும் ஒரே பக்கம் பார்க்கிறது. குயவரிடம் ஆள் விட்டுக் கேட்டதற்கு, நேர்ந்துகொள்கிறவர்கள் நோவு கண்ட ஒற்றைக் காலைத்தான் கேட்பார்கள், எந்தக் கால் என்று சொல்வார்கள், சொல்லாதவர்களுக்கு இடது கால் செய்வதுதான் எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து வழக்கம், ரைட்டர் சீட்டில் ஒன்றும் குறிக்கவில்லையே என்று பதில் வந்தது. இருபது வருஷமாக ரைட்டர் வேலை பார்த்து, கால் என்றால் இரண்டு விதம் உண்டு என்று எழுதத் தெரியாதவன் ஆகிவிட்டேன். மேஸ்திரி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தப்பு ஒண்ணுமில்லீங்க, நம்ம பையங்க ஆடின ஆட்டத்துக்கு எல்லாமே இடங்காலாத்தானுங்க இருந்திருக்கோணும்" என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு வலது கால் பதினொன்று தனியாகச் செய்து வந்து சேர்ந்தது நேற்றுத்தான். மிச்சம் பதினோரு இடது கால் கிடக்கிறதே, அதை என்ன செய்ய என்று கேட்டால், உங்களோடு ஆடிய மற்றக் காலேஜ் பிள்ளைகள் பேரில் அம்மனுக்கு வைத்துவிடலாம், அவர்களும் ஒரு தாய் பெற்றவர்கள்தானே என்கிறாள் உன் அம்மா. அவர்களுக்கு மட்டும் ஏன் ஒற்றைக் கால் என்றேன். "ஜெயிச்சவிங்களுக்கு ஒத்தக்கால் போதுமுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இதோடு விட்டாளா, இல்லை. கால் யாருடையதோ அவரே தூக்கிக்கொண்டு நடந்து வந்து வைத்தால்தான் வேண்டுதல் முடியும் என்பது நம் அம்மன் கோயில் முறை, உனக்கே தெரியும். ஆகையால் நீ மட்டும் வந்தால் போதாது, பதினோரு பேரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சித்திரை மூன்றாம் செவ்வாய் நம் அம்மன் நோன்புத் திருவிழா, அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்தால் சரியாக இருக்கும். விஷயம் லைன் வீடுகளுக்குப் பரவி, யார் வீட்டில் எந்தப் பையன் சாப்பிடுவது என்று இப்போதே சண்டை. நீ முன்பு அனுப்பிய உங்கள் போட்டோவை என்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த நெட்டைப் பையன் எங்களுக்கு என்று மருதாயி சொல்ல, அவனுக்குச் சோறு போட்டுக் கட்டுப்படியாகுமா, எனக்கு அந்தக் கண்ணாடிக்காரப் பையன் போதும் என்று மேஸ்திரி சம்சாரம் சொல்ல, ஒரே அமளி. உன் சிநேகிதர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, இங்கே தினமும் நெல்லுச் சோறு கிடையாது, களியும் கீரையும்தான் பெரும்பாலும், ஆனால் குறைவில்லாமல் கிடைக்கும். அவரவர் வீட்டில் உத்தரவு கேட்டுக்கொண்டு வரச் சொல். முந்தாநாள் நல்ல மழை, இன்னும் பத்து நாளில் காப்பிப் பூ மலை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், நீங்கள் வருவதற்குள் உதிர்ந்துவிடும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

பரீட்சைக்கு நன்றாகப் படி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா இல்லையா, போன தடவை உன் தலையைப் பார்த்து அம்மா வருத்தப்பட்டாள். ஹோட்டலில் காப்பி என்று எதையாவது கொடுப்பான், காப்பித் தோட்டத்தில் பிறந்தவன் அதைக் குடித்து நம் மானத்தை வாங்காதே. பந்தை விட்டுவிடப் போகிறேன் என்று ஜாடையாக எழுதியிருக்கிறாய், விடாதே சாமி. ஏழு ஆட்டம் தோற்ற பிறகும் எட்டாவது ஆட்டத்தில் அதே இடத்தில் போய் நின்றிருக்கிறாயே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது, இதை நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். எல்லாம் எழுதியாயிற்றா என்று கேட்டாள், ஆயிற்று என்றேன். வர மாட்டேன் என்று அவன் எழுதினானே, அதற்குப் பதில் எழுதினீர்களா என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு யார் சொன்னது என்றேன். "யாரு சொல்லோணுமுங்க? எப்பவும் 'உங்கள் அன்பு மகன்'ங்கற வரைக்கும் படிச்சுட்டுத்தானே மடிப்பீங்க. அன்னிக்கு அது வரலீங்களே, தோத்த புள்ளை கடைசியில வேற என்னத்தை எழுதியிருப்பான்?" என்றாள். மூன்று வாரமாகத் தெரிந்துகொண்டே குலவை போட்டு, கோபித்து, சிரித்து, கால்களை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பதினோரு பேரும் வர வேண்டும் என்று அவள் சொன்னது நீ தனியாகத் தலை குனிந்து வரக் கூடாது என்பதற்காக என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு, நான் சொன்னதாக இதை மட்டும் எழுதுங்கள் என்று நின்று சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஜெயிச்சவன் எங்க வேணாலும் போலாம், ஊரே கூப்புடும். தோத்தவன் ஊட்டுக்கு வராம வேற எங்க கண்ணு போவான்?"

உனக்கும் உன் சிநேகிதர்கள் பத்துப் பேருக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம். அம்மன் உங்களைக் கண்போல் காக்கட்டும். சேலத்துக்கு எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று ஒரு கார்டு போடு, ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
கொ. ஐயாக்கண்ணு, ரைட்டர்.