நாடிக்கட்டு

ஆயர் ஈத்தாம்,
5 மார்ச் 1995

அன்புள்ள நல்லம்மாவுக்கு,

நீர் சுகமாகப் போய்ச் சேர்ந்ததைத் தங்கராஜு போனில் சொன்னார். உம்மைக் கூப்பிடச் சொன்னேன், குளிக்கிறீர் என்றார். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தேன். அப்போதும் குளிக்கிறீர் என்றார். சுங்கை பாக்காப்பில் அவ்வளவு வெக்கையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உமது தங்கை புருஷனுக்குப் பொய் சொல்ல வராது. அந்த மனுஷனைக் கஷ்டப்படுத்துவானேன் என்றுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பின்னேரம் நீர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் நிற்கிறது. நான் திடுக்கிட்டு எழும்பியபோது நீர் சுவரோடு ஒட்டி நின்றீர். கீழே சாப்பாட்டுக்கடையிலிருந்து சீனி முகம்மது செருப்பில்லாமல் ஓடி வந்துவிட்டான். என்னவென்று நான் கேட்குமுன் நீர் பையில் சேலைகளை அடைக்கத் தொடங்கிவிட்டீர். முப்பத்தெட்டு வருஷத்தில் நீர் சண்டை பிடித்துக்கொண்டு போனதில்லை. அன்றைக்கும் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமல் இருக்க டாக்டர் தந்த இந்த மூச்சு மெசின் மூக்கில் மாட்டுகிற மூடி வழியாகக் காற்றைத் தள்ளுகிறது. நானோ வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறவன். மூக்கால் போகிற காற்றெல்லாம் வாயால் வெளியேறிவிடுகிறது. விடிய எழும்பினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும், உதடு வெடித்திருக்கும், இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்த பிறகுதான் குரல் வரும். வாயையும் சேர்த்து மூடுகிற மூடி இங்கே இன்னும் வரவில்லையாம். தாடையைத் தூக்கிப் பிடிக்க ஒரு பட்டி சிங்கப்பூரிலிருந்து எடுப்பிக்கிறேன், அதுவரை கட்டுத்துணியால் கட்டிப் பாருங்கள் என்றார் டாக்டர். மருந்துக்கடைத் துணி என் வழுக்கையில் நிற்காமல் நழுவி வந்து கண்ணை மறைத்தது. அதனால் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, நாடிக்குக் கீழே கொடுத்து, உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு கொஞ்சம் கண்ணயர்ந்து பார்த்தேன். இதில் என்ன குற்றம்?

பசாரில் இரண்டு பேர் உம்மைக் கேட்டுவிட்டார்கள். உமது தங்கை செல்வநாயகிக்குச் சுகமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவவிடம் என்னை மன்னிக்கச் சொல்லும். எப்போது வருகிறீர்?

உமது,
அப்புத்துரை


சுங்கை பாக்காப்,
11 மார்ச் 1995

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வநாயகி உங்களை மன்னித்துவிட்டாள். “என்ன நோயென்றும் அத்தானே சொன்னால் நான் படுத்துவிடுவேன்” என்று சிரிக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இதில் என்ன குற்றம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளை வேட்டித் துண்டால் நாடியைக் கட்டி, உச்சியில் முடிச்சுப் போட்டு, கண்ணை மூடி நிமிர்ந்து கிடக்கிற ஆளை நம்முடைய வீடுகளில் எப்போது பார்ப்போம், அத்தான்? செத்தவருக்கு மற்றவர்கள் செய்வதை, உயிரோடு இருக்கிறவர் தனக்குத் தானே செய்துகொள்வாரோ? பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டாததுதான் குறை.

உங்களுக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நம்முடைய வாசுவுக்கு அதைக் கட்டியது நான்தான். நீங்கள் ஆஸ்பத்திரிக் கடுதாசிகளுக்கும் பெட்டிக்கும் அலைந்துகொண்டிருந்தீர்கள். பிள்ளையின் வாய் திறந்தபடியே இருந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளை என்று வந்த பெண்களெல்லாம் அழுதார்களே ஒழிய, ஒருவரும் கிட்டப் போகவில்லை. உங்கள் வேட்டியில்தான் கிழித்தேன். இறுக்கினால் பிள்ளைக்கு நோகும் என்று தளரக் கட்டினேன், வாய் திறந்துகொண்டது. அவிழ்த்து மறுபடி கட்டினேன். மூன்றாம் தரம்தான் நின்றது. பதின்மூன்று வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணீரோடு அறைக்குள் வந்தேன். வாசுவுக்கு உங்கள் முகம்தானே. நான் கோபித்துக்கொண்டு வரவில்லை. பயந்து ஓடி வந்தேன்.

கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வாய் காய்கிறது என்கிற ஆளுக்கு நாளுக்கு ஐந்து கோப்பி எதற்கு? இரண்டோடு நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
நல்லம்மா


ஆயர் ஈத்தாம்,
19 மார்ச் 1995

அன்புள்ள நல்லம்மாவுக்கு,

எனக்குத் தெரியாது, நல்லம்மா. சத்தியமாகத் தெரியாது. நான் வந்து பார்த்தபோது பிள்ளை வாய் மூடித் தூங்குகிறவன் போலக் கிடந்தான். ஆஸ்பத்திரியில் செய்துவிட்டார்கள் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு அந்தத் துணியைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். அன்றைக்கு நான் உம் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

உமக்குச் சிரிப்பு வர ஒன்று சொல்கிறேன். துணி வேண்டாம் என்று வாய்க்குக் குறுக்கே பிளாஸ்டர் ஒட்டிப் படுத்தேன். காலையில் உரித்தால் மீசையில் பாதி அதோடு வந்துவிட்டது. சீனி முகம்மது என்னைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, சலூன்காரன் பாதியில ஓடிட்டானா லா?” என்று கேட்டு, கடையில் இருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்தான். டாக்டர் சிரிக்கவில்லை; வாந்தி வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஏசினார். பிறகு சீனி சொன்னானென்று உதட்டில் தேன் பூசிப் படுத்தேன். தலையணை முழுக்க எறும்பு.

டாக்டரின் பட்டி வருகிற கிழமை வந்துவிடுமாம். நீல நிறம். ரப்பர் போல இழுபடும், முடிச்சே இல்லை. அது வேறு மாதிரி இருக்கும், நல்லம்மா. வருஷப்பிறப்புக்கு வாரும். உமக்கு மற்ற அறையில் கட்டில் போட்டு வைக்கிறேன். கோப்பியை மூன்றாகக் குறைத்துவிட்டேன்.

உமது,
அப்புத்துரை


சுங்கை பாக்காப்,
20 ஏப்ரல் 1995

அன்புள்ள அத்தானுக்கு,

வருஷப்பிறப்புக்கு வந்து மூன்றாம் நாளே பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். பெரிக் கப்பலில் நீங்கள் கடலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பட்டர்வர்த்தில் பஸ் ஏற்றிவிட்டுக் கையைக்கூடக் காட்டவில்லை. கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் அழுதுவிடுவீர்களோ என்றுதான் நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டியை நானே மாட்டிவிடுகிறேன் என்று கேட்டது நான்தான். நீலம்தான். மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் உங்கள் நாடிக்குக் கீழே கை வைத்ததும் என் கைக்கு நிறம் தெரியவில்லை. உங்கள் நாடி சூடாக இருந்தது. பிள்ளையுடையது சில்லென்று இருந்தது. இது சூடாக இருக்கிறதே என்றுதான் அழுதேன். நீங்கள் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துப் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டீர்கள்.

மற்ற அறையில் படுத்தால் மட்டும் என்ன? உங்கள் மூச்சு நிற்கும்போதெல்லாம் தோளைத் தட்டி எழுப்பியே எனக்குப் பத்து வருஷமாகப் பழக்கம். இப்போது மெசின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. மனுஷன் இருக்கிறாரோ என்று எழும்பி வந்து வாசலில் நிற்கிறேன். எட்டிப் பார்த்தால் அந்தக் கட்டு. பார்க்காமல் படுத்தால் நித்திரை இல்லை. என்னை நான் என்ன செய்வேன்?

கொஞ்ச நாள் பொறுங்கள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வரப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நல்லம்மா


ஆயர் ஈத்தாம்,
2 மே 1995

அன்புள்ள நல்லம்மாவுக்கு,

நல்ல செய்தி. பட்டி இனித் தேவையில்லை. என் வாய் தானாகவே மூடப் பழகிவிட்டது. உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுகிறேன், அடைப்பெல்லாம் போய்விட்டது. மெசினை மட்டும் மாட்டிக்கொண்டு படுக்கிறேன், காலையில் நாக்கு நனைந்திருக்கிறது. பட்டியை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆகவே நீர் பயப்பட இனி வீட்டில் ஒன்றுமில்லை.

வாரும், நல்லம்மா. நான் சமைக்கிற பருப்பை நானே எத்தனை நாளைக்குச் சாப்பிடுவது? நீர் என்னைத் திட்டாமல் வீடு கோயில் மாதிரி அமைதியாக இருக்கிறது. எனக்குக் கோயில் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பெரி நிலையத்தில் வந்து நிற்கட்டுமா?

உமது,
அப்புத்துரை


சுங்கை பாக்காப்,
14 மே 1995

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் போன ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் பெரி நிலையத்தில் நின்றதாகச் சீனி முகம்மது சொன்னார். பதில் எழுதாமல் இருந்தது என் பிழைதான்.

உங்கள் கடிதம் வந்த அன்றே நான் சேலைகளை மடித்து வைத்துவிட்டேன். பின்னேரம் சீனி போன் பண்ணினார். “அக்கா, அண்ணன் கடையில டீ கிளாஸ கையில வச்சுக்கிட்டே தூங்கிட்டாரு. சுடு டீ தொடையில கொட்டியும் எழும்பல லா. தட்டித்தான் எழுப்புனேன்” என்றார். குரலும் காலையில் காகம் மாதிரி இருக்கிறதாம். கோப்பிக்கு முன் மூன்று கிளாஸ் தண்ணீர் கேட்கிறீர்களாம்.

தங்கராஜுவிடம் கேட்டேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து கொடுக்கிற டிரஸராக இருந்தவர்; மழுப்பத் தெரியாது. “அக்கா, வாய் திறந்தா காத்தெல்லாம் வெளிய போயிடும். அப்புறம் மெசின் மாட்டினாலும் ஒன்னுதான், மாட்டாட்டியும் ஒன்னுதான். தூக்கத்துலயே இதயம் நின்னுடலாம்” என்றார்.

பட்டியைத் திருப்பிக் கொடுத்தது நான் வருவதற்காகத்தானே? எனக்காகப் பொய் சொன்னீர்கள். அந்தப் பொய்யை மறுபடி எடுத்து வாசித்தபோது உங்கள் மேல் வந்த ஆசையை நினைக்க இந்த வயதில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அத்தான், நான் அந்த வீட்டில் இருந்தால் நீங்கள் அதைக் கட்டமாட்டீர்கள். எனக்கு முன்னால் ஒரு நாளும் கட்டமாட்டீர்கள். உங்கள் குணம் எனக்குத் தெரியாதா? கட்டாவிட்டால் ஒரு நாள் நான் இன்னொரு வேட்டி கிழிக்க வேண்டி வரும். அது என்னால் ஏலாது. ஒரு தரம் செய்தது போதும்.

நான் வரவில்லை. இனி நீங்கள் கூப்பிடவும் வேண்டாம். நாளைக்கே போய் அந்தப் பட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு படுங்கள். நான் பார்க்கவில்லை, ஆகவே இறுக்கிக் கட்டுங்கள். கேட்கிறவர்களுக்கு எனக்கு முழங்கால் வாதம், படி ஏற முடியாது என்று சொல்லுங்கள்.

என்னைப் பார்க்க வேண்டும் போல இருந்தால் பகலில் வாருங்கள். பொழுதுபட முன் திரும்பிவிட வேண்டும்.

உங்கள்,
நல்லம்மா


ஆயர் ஈத்தாம்,
13 ஜூன் 1995

அன்புள்ள நல்லம்மாவுக்கு,

உம்முடைய கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. முதல் பத்து நாள் கோபம்.

இருபது நாளாகப் பட்டியைக் கட்டிக்கொண்டு படுக்கிறேன். நீர் சொன்னபடி இறுக்கித்தான். காலையில் வாய் ஈரமாக இருக்கிறது, உதடு ஆறிவிட்டது. நேற்று டாக்டர் சோதித்துவிட்டு, அப்படியே கை கொடுத்தார். இப்படியே கட்டிக்கொண்டு படுத்தால் இன்னும் பத்து வருஷத்துக்குப் பயமில்லை என்றார். நானும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். பத்து வருஷம் என்பது நீளம், நல்லம்மா. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அவரிடம் கேட்க முடியுமா?

முழங்கால் வாதம் என்றே எல்லாருக்கும் சொல்கிறேன். எண்ணெய் பூசச் சொல்லி ஆளுக்கொரு பெயர் தருகிறார்கள்.

சனிக்கிழமை வருகிறேன். பதினொரு மணி பஸ்ஸில் வந்து, ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். மத்தியானம் சாப்பிட்டால் எனக்குக் கண் சொருகும் என்பது உமக்குத் தெரியும். அப்போது என்னோடு ஏதாவது பேசிக்கொண்டிரும். அங்கே நான் தூங்கமாட்டேன்.

உமது,
அப்புத்துரை