கதிரையில் நின்ற மழைத்தண்ணீர்

அன்பின் சிற்றம்பலம் அண்ணைக்கு,

நேற்றுப் பின்னேரம் நமது மூத்தோர் சங்கத்தின் செயற்குழு கூடி, இரண்டேகால் மணி நேர விவாதத்தின் பின்னர், காலையில் வீட்டு வாசல் படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுபவருக்கு அங்கத்தவர் "ஓம்" என்று பதில் சொல்ல வேண்டும் எனத் தீர்மானித்திருக்கிறது. தீர்மானம் ஏகமனதானது. ஒருவர் நித்திரையாக இருந்தார்; அவருடைய வாக்கும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

விவாதம் எளிதாக இருக்கவில்லை. "ஆர்?" என்று கேட்பதையும் பதிலாக ஏற்க வேண்டும் என்று ஹமீது நானா வாதாடினார். "விடியக் காலத்தில ஒருத்தன் கூப்பிட்டா ஆர் எண்டு கேக்கிறதுதான் மனுசன்ட பழக்கம். ஓம் எண்டு எதுக்குச் சொல்ற? நிக்காஹா முடிக்கிறம்?"

மங்கையர்க்கரசி டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அடுத்து என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். "நானா, கேள்வி கேக்கிறவர் உயிரோட இருக்கிறார் எண்டு நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனா கொப்பியில பதிலைத்தான் எழுதலாம். கேள்வியை எழுத ஏலாது."

இருமல் செல்லுமா என்று ஒருவர் கேட்டார். செல்லாது. வானொலிச் சத்தமும் செல்லாது. வீட்டு நாய் குரைத்தால், நாய் உயிரோடு இருப்பதாக மட்டுமே கொள்ளப்படும்.

நீங்கள் தலைமையில் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் இருந்திருந்தால் இந்தத் தீர்மானமே வந்திராது. ஒன்பது வருடமாக நமக்கு எவருடைய குரலும் தேவைப்படவில்லை. கதிரை போதுமாக இருந்தது.

சங்கத்தின் சிறப்பு மலருக்கு அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பைச் செயலாளரான என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் மற்றவர்களுடைய கோப்புகளை எழுதியவன் என்பதால், இதையும் ஒரு கோப்பாகவே தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மலரை வாசிக்கிறவர்களும் வாசிக்கட்டும்.

யுத்த காலத்தில் நமக்குச் சங்கம் தேவைப்படவில்லை. வீட்டில் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வயது என்று இராணுவத்தார் பட்டியல் கேட்டார்கள். வந்து சரியும் பார்த்தார்கள். ஒருவர் குறைந்தாலும் விசாரணை, ஒருவர் கூடினாலும் விசாரணை. சமாதானம் வந்தது. பிள்ளைகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். அதன் பிறகு நம்மை எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று.

அப்படியிருக்கும்போதுதான், கீழ் ஒழுங்கையில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் இறந்து நாலாம் நாள் கண்டெடுக்கப்பட்டார். அயலவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்ல. மகளிடம் கொழும்புக்குப் போயிருப்பார் என்று நாலு நாளும் அக்கறையோடு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் சொன்னேன்.

செத்தவீடு முடிந்த மறுநாள் நீங்கள் நமது ஓர்ஸ் ஹில் பகுதி முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். வாசிகசாலையின் பின் அறையில் இருபத்திரண்டு பேர் கூடினோம். முதல் கூட்டம் முழுவதும் பெயரிலேயே போயிற்று. "முதியோர்" என்ற சொல் தன்னைக் குறிக்காது என்று டீச்சர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று. "மூத்தோர்" என்றதும் சமாதானமானார்.

இரண்டாவது கூட்டத்தில் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நாளும் காலையில் நம்மில் ஒருவர் மற்ற எல்லோருடைய வீட்டுக்கும் போய்ப் பார்த்து வர வேண்டும். அதற்குத்தான் பெரிய எதிர்ப்பு. "நான் உயிரோட இருக்கிறனோ எண்டு ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கத் தேவையில்லை," என்றார் டீச்சர். "சீப்பால தலை இழுக்காமல், பல்லுக் கட்டாமல் நான் ஒரு ஆம்பிளைக்கும் முன்னால வாறதில்லை."

நீங்கள் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சைகைக் கொடி காட்டியவர். கப்பலுக்குள் ஏறிப் போய்ச் சுகம் விசாரிக்கத் தேவையில்லை, தூரத்தில் நின்று ஒரு கொடியைப் பார்த்தாலே போதும் என்றீர்கள். கொடிக்குப் பதிலாக, நாம் உட்காரும் கதிரை. ஆறு மணிக்கு முன் ஒரு கதிரையைப் படலைக்கு உள்ளே, ஒழுங்கையில் போகிறவருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். பொழுதுபட்டதும் உள்ளே எடுக்க வேண்டும். அன்றைய முறைக்காரர் எல்லோருடைய பெயரும் உள்ள கொப்பியோடு நடந்துபோவார். கதிரை இருந்தால் பெயருக்கு எதிரே "சுகம்" என்று எழுதுவார். இல்லாவிட்டால் படலையைத் திறப்பார். ஒருவருடைய மானமும் கெடாது.

அப்படி ஆறு பேரைக் காப்பாற்றினோம். அதை வரலாற்றில் பெயர்களோடு எழுதியிருக்கிறேன். குளியலறையில் விழுந்து கிடந்த டீச்சரையும் சேர்த்து. அன்று அவருக்குப் பல்லும் இல்லை, தலையும் இழுக்கவில்லை. படலையைத் திறந்தவன் நான். அதன் பிறகு என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

பிறகு டீச்சருக்கு முதுகு நோகத் தொடங்கியது. கதிரையை இரவிலும் வெளியே விட்டுவிட்டார். நீங்கள் கூட்டத்தில் எழும்பி நின்றீர்கள்.

"டீச்சர், இரவு வெளியில கிடந்த கதிரை காலையில பொய் சொல்லும்."

"எனக்குத் தூக்க ஏலாது தம்பி."

"அப்ப சின்னக் கதிரை வாங்குவம். ஆனா உள்ள எடுக்கத்தான் வேணும்."

சங்கம் அவருக்கு நேர்சரிப் பிள்ளைகளின் கதிரை ஒன்று வாங்கிக் கொடுத்தது. சிவப்பு நிறம். இனிமேல் எவராவது கதிரையை இரவில் வெளியே விட்டால் அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும் என்று விதியும் எழுதினீர்கள். உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அந்த மார்கழியில் முறை என்னுடையது. முதல் நாள் மத்தியானம் தொடங்கிய மழை, விடியப் புறம் நாலு மணிக்குத்தான் விட்டது. ஆறு நாற்பதுக்கு உங்கள் படலைக்கு வந்தேன். கதிரை இருந்தது. நடுவே குழிந்த உங்கள் பழைய பிளாஸ்டிக் கதிரை. அந்தக் குழி நிறையத் தண்ணீர் நின்றது. ஒரு வேப்பிலை மிதந்தது.

காலையில் கொண்டுவந்து வைத்த கதிரையில் தண்ணீர் நிற்காது. அது எனக்கு அப்போதே விளங்கியது, அண்ணை. விளங்கவில்லை என்று எழுதினால் இந்தக் கடிதத்தை எழுதத் தேவையில்லை.

விளங்கியதும் எனக்குச் சந்தோசம் வந்தது. தலைவரே விதியை மீறிவிட்டார்! சனிக்கிழமைக் கூட்டத்தில் எழும்பி, "தலைவர் அவர்கள் தமது கதிரையில் உள்துறைமுகம் ஒன்றைத் திறந்திருப்பதாக அறிகிறேன், முதற் கப்பல் எப்போது வரும் என்பதைச் சபைக்கு அறிவிப்பாரா?" என்று கேட்க வேண்டும் என நினைத்தேன். கொப்பியில் "சுகம்" என்று எழுதினேன். அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பகிடியை இரண்டு தரம் திருத்தினேன். "அறிகிறேன்" என்பதை "கேள்விப்படுகிறேன்" என்று மாற்றினால் நல்லதா என்றும் யோசித்தேன்.

பின்னேரம் நாலு மணிக்கு ஹமீது நானா, இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தர வந்தார். கதிரையில் அப்போதும் தண்ணீர். அவர் பகிடி எழுதுகிறவர் அல்ல. தண்ணீரைப் பார்த்ததும் கத்தினார், பதில் வராததும் பின்பக்கத்தால் உள்ளே போனார். நீங்கள் குசினி வாசலில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தீர்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. விடிய முன் விழுந்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும்.

குசினி யன்னல் படலைப் பக்கம் பார்த்தது. நான் குடையை மடக்கி, கொப்பியை மரத்துத் துளியில் நனையாமல் பிடித்துக்கொண்டு, அந்த யன்னலுக்கு நேரே நின்றுதான் எழுதினேன். என் செருப்புச் சத்தம் உங்களுக்குக் கேட்டதா? கேட்டு, கூப்பிடப் பார்த்தீர்களா? கதிரையை ஏன் விட்டீர்கள்? முழங்காலா, மழையா? ஒருநாள்தானே என்று நினைத்தீர்களா?

உங்கள் மகள் சுகந்தி கனடாவிலிருந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "அங்கிள், அப்பா கஷ்டப்பட்டவரா?"

"இல்லை மகள். ஒரு நிமிசம்தான் இருக்கும்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கள் எல்லாரும் ஒவ்வொரு நாளும் பாக்கிறீங்கள் எண்டபடியால்தான் நான் அங்க நிம்மதியா இருந்தனான்."

திரும்பிப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்குத் தொலைபேசி எடுத்துவந்த அதே நேரத்தில் எனக்கு எடுக்கத் தொடங்கினார். பிரசர் குளிசை போட்டீங்களா, இரவில் என்ன சாப்பிட்டீங்கள், கிளினிக்குக்கு ஏன் நடந்து போனீங்கள்? எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பதும், என் மனுசி இறந்துபோய்ப் பன்னிரண்டு வருடம் என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த வயதில் ஒருத்தி என்னைக் குளிசைக்காக ஏசினாள். சனிக்கிழமை இரவே தொலைபேசியைச் சார்ச்சில் போட்டுவைக்கப் பழகினேன். பதினாலு மாதம்.

ஆகவே வரலாற்றின் மூன்றாம் பக்கத்தில், "ஸ்தாபகத் தலைவர் அமைதியாகக் காலமானார்" என்று எழுதினேன். பிழை திருத்துவதற்காக டீச்சரிடம் கொடுத்தேன். பழைய கொப்பிகளும் இப்போது அவரிடம்தான் இருக்கின்றன. மறுநாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "அமைதியாக" என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். பக்கத்தில் அந்த மார்கழிக் கொப்பி விரித்துக் கிடந்தது.

"அண்டைக்கு இரா முழுக்க மழை. நான் என்ர சிவப்புக் கதிரையை உள்ள எடுத்து வைச்சனான். அவற்ற கதிரை?"

நான் கொப்பியில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

"நீர் எதைப் பாத்துச் சுகம் எண்டு எழுதினீர்?"

"கதிரையைப் பாத்து."

"தண்ணி நிண்டதோ?"

"நிண்டது."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கொப்பியை மூடினார். "சுகந்திக்குச் சொன்னீரோ?"

"இல்லை டீச்சர். சொன்னா அதுக்குப் பிறகு அவ என்னோட கதைக்க மாட்டா."

"மாட்டாதான்," என்றார் டீச்சர். பிறகு தேத்தண்ணி குடிக்கிறீரா என்று கேட்டார். குடித்தேன்.

போன ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை நானே சுகந்திக்கு எடுத்தேன். நான் எடுத்ததே அவரைப் பயப்படுத்திவிட்டது. "என்ன அங்கிள், சுகமில்லையா?" சொன்னேன். தண்ணீர், வேப்பிலை, கொப்பி, வைத்தியர் சொன்னது. பகிடியையும் சொன்னேன், அதை விட்டுவிட்டுச் சொன்னால் மற்றதெல்லாம் வெறும் கவனக்குறைவாகப் போய்விடும்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நீங்கள் ஒருக்கா கூப்பிட்டிருந்தா அப்பாக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும் மகள்."

"சரி, அங்கிள்."

அவ்வளவுதான்.

நேற்றைய கூட்டத்தில் சபைக்கும் சொன்னேன். செயலாளர் பதவியை விடுகிறேன் என்றேன். வேறு ஒருவரும் எடுக்க முன்வராதபடியால் விலகல் ஏற்கப்படவில்லை. ஹமீது நானா எழும்பி, "நானும் எத்தனை கதிரையப் பாத்துச் சும்மா எழுதிப்போட்டு வந்திருப்பன், அல்லாவுக்குத்தான் தெரியும்," என்றார். அதன் பிறகுதான் "ஓம்" பற்றிய விவாதம் தொடங்கியது. இரண்டேகால் மணி நேரம் ஏன் பிடித்தது என்று இப்போது உங்களுக்கு விளங்கும். எல்லோருக்கும் வேறு ஏதாவது பேச வேண்டியிருந்தது.

மலரில் மூன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு இந்தக் கடிதத்தைப் போடும்படி கேட்டிருக்கிறேன். டீச்சர் பிழை திருத்தித் தருவார். ஒரு பிரதி தபாலில் சுகந்திக்கும் போகும்.

அண்ணை, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் முறை வரும் நாட்களில், மழையென்றாலும், எத்தனை மணியானாலும், ஒவ்வொரு படலையிலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். ஆளுடைய குரல் என் காதில் விழும்வரை பேனாவை எடுக்க மாட்டேன். வராவிட்டால் உள்ளே போவேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சுகந்தி காலை ஏழரைக்கு எடுப்பவர். போன ஞாயிறு எடுக்கவில்லை. இப்போது பத்தரை.

உங்கள் தம்பி,
குலம்