கதவுக்காரன் பட்டப்பகலில்தான் வருவான்

அன்புள்ள சின்னுவுக்கு,

இங்க எனக்குச் சாப்பாடு, வேலை எதுக்கும் குறைவில்லை, அங்க நீயும் உன் வீட்டுக்காரரும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும்னு நினைச்சுக்கிட்டே பேனாவை எடுத்திருக்கேன். கைக்குள்ள போன் இருக்கும்போது அம்மா எதுக்குக் காகிதத்தைத் தேடறாங்கன்னு யோசிப்ப. போன்ல சொன்னா நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மான்னு சொல்லிடுவ, நானும் உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வெச்சிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலயே நின்னுடும். மூணு வாரமா அப்படித்தான் நின்னுக்கிட்டிருக்கு. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, மெஷின் மிதிக்கிற கால்ங்கறதால அதுக்கு லீவு குடுக்க முடியல. ஃபர்னிச்சர் கடைக்காரர் இந்த மாசம் நாப்பது ஜன்னல் திரைக்குத் துணி அனுப்பியிருக்காரு, எல்லாம் ஒரே சாம்பல் நிறம், பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணே மங்குது. மேல் வீட்டு நர்ஸம்மா ரிட்டயர் ஆயிட்டாங்க, வீட்டுல கை சும்மா இருக்க மாட்டேங்குது போல, தினம் காலையில இறங்கி வந்து எனக்கு பிரஷர் பாக்கறாங்க, வேணாம்னா கோவிச்சுக்கறாங்க.

பழைய புத்தகக் கடைக்காரர் போன மாசம் கதவுக்காரன் சிறப்பிதழ் எடுத்து வெச்சிருந்து குடுத்தாரு. அம்பத்தெட்டு வயசுல படக்கதையான்னு நீ சிரிப்ப. ஸ்கூல் பையில ஒளிச்சு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது நீதான், கத்துக்குடுத்துட்டு நீ விட்டுட்ட, நான் விடல. அப்பவே உனக்கு இன்ஸ்பெக்டர் நீலச்சட்டை, எனக்குக் கதவுக்காரன். நீலச்சட்டை எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசிப் பக்கத்துல ஜீப்ல வந்து இறங்குவான், அவனை எப்படித்தான் உனக்குப் பிடிச்சுதோ. நீ மறந்திருப்பங்கறதால கதவுக்காரன் யாருன்னு முதல்லருந்து சொல்றேன். ஒல்லியா இருப்பான், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில கழட்டின தொப்பி, துடைச்ச ஷூ. அத்தனை புத்தகத்துல ஒரு கதவைக்கூட அவன் உடைச்சதில்லை. மூணு தட்டு தட்டுவான். உள்ள இருக்கிறவங்க யாரை நினைச்சு ஏங்கிக்கிட்டிருக்காங்களோ அவங்க குரல்ல பேர் சொல்லிக் கூப்பிடுவான். அவங்களாவே எழுந்து வந்து தாழ்ப்பாளை எடுப்பாங்க. அவனோட பலம் மொத்தமே அதுதான். முதல்ல வரைஞ்ச ஓவியர் அவனைப் பட்டப்பகல்லதான் கொண்டுவருவாரு. கொடியில துணி காயும், எதிர்வீட்டுக்காரர் சைக்கிள் துடைச்சுக்கிட்டிருப்பாரு, அந்த வெயிலாலதான் கதவுக்கு அடியில ரெண்டு ஷூ நிழல் உள்ள விழும். அப்புறம் மூணு சின்னக் கட்டம், ஒண்ணுல கதவு, ஒண்ணுல காது, ஒண்ணுல தாழ்ப்பாள் மேல ஒரு கை. ஒரு எழுத்து வசனம் இருக்காது. அந்த மூணாவது கட்டத்துல நீ புத்தகத்தை மூடிட்டு என் மடியில முகத்தை வெச்சுக்குவ, நான் தைக்கிறதை நிறுத்திட்டு உன் முதுகைத் தட்டுவேன்.

இந்தச் சிறப்பிதழை வரைஞ்ச புது ஓவியருக்குக் கை நல்லாத்தான் ஓடுது, அதை இல்லைன்னு சொன்னா பொய். ஆனா கதவுக்காரனுக்குப் புஜமும் கழுத்தும் வந்துடுச்சு, ஜிம்முக்குப் போறவன் மாதிரி இருக்கான். எப்பப் பாரு ராத்திரி, மழை, மின்னல். கையில கோடாலி வேற. கோடாலி வெச்சிருக்கிறவன் எதுக்குத் தட்டணும், நீயே சொல்லு. உடைச்சுக்கிட்டு வர்றவன்னா கத்தலாம், ஓடலாம், நாலு பேர் வந்து நிப்பாங்க. தட்டிட்டு, தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு, பொறுமையா நிக்கிறவனை என்ன பண்றது. அது போதாதுன்னு பன்னெண்டு பக்கத்துக்கு அவனோட சின்ன வயசு. அவங்க அம்மா அவனை அறையில போட்டுப் பூட்டினாங்களாம், அதனாலதான் இப்படி ஆயிட்டானாம். பழி எப்பவும் போல அம்மா மேல. கடைசியில அவனுக்கு வயசாயிடுது, நீலச்சட்டை வீட்டுக் கதவைத் தட்டறான், நீலச்சட்டையோட சம்சாரம் திறந்து ஒரு டம்ளர் தண்ணி குடுக்கறா, அவன் தேம்பித் தேம்பி அழறான், திருந்திடறான், முற்றும். எனக்கு வந்த கோவத்துக்கு ஆசிரியருக்கு ஆறு பக்கம் எழுதிப் போட்டேன். கதவுக்காரன் அழுவான்னு எனக்குத் தெரியும், அழறதும் அவன் தட்டற விதத்துல ஒண்ணுதான், அதைப் போய்த் திருந்தினதா எழுதிட்டீங்களேன்னு கேட்டிருந்தேன். அந்த வரியை விட்டுட்டு, அட்டைப்படம் அருமை என்கிறார் ஒரு வாசகின்னு நாலு வரி போட்டிருக்காங்க.

நான் சுத்தி வளைக்கிறேன்னு உனக்கு இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். சின்னு, உங்க அப்பா வந்தாரு. அந்தக் கடிதத்தைப் போட்ட அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூணு மணி இருக்கும். மெஷின் ஓடிக்கிட்டிருந்தது, நூல் அறுந்துதுன்னு காலை எடுத்தேன், அந்த அமைதியில தட்டற சத்தம் கேட்டுது. தண்ணி கேன் போடறவர்னு நினைச்சு யாருன்னு கேட்டேன். சின்னு ஸ்கூல்லருந்து வந்துட்டாளான்னு கேட்டாரு. பதினாறு வருஷம் கழிச்சுக் கேட்கிற குரல், ஒரு நூல்கூட மாறல. கையில இருந்த ஊசி விரல்ல ஏறினது அப்புறம்தான் தெரிஞ்சுது. திரும்பவும், குழந்தையை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்னு சொன்னாரு.

அந்த வார்த்தைக்குத்தான் நான் அந்தக் காலத்துல திறப்பேன், உனக்கு ஞாபகம் இருக்கும். ஏழு தடவை திறந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் பழம் வாங்கிட்டு, தலையைப் படிய வாரிட்டு, வெளிச்சத்துலதான் வருவாரு, ரெண்டு நாள் நல்லா இருப்பாரு, மூணாம் நாள் வேற ஆளு. ஏழாவது தடவைதான் உன் இடது காது போச்சு. நர்ஸம்மா இறங்கி வந்து நடுவுல நின்னதும் செருப்பைக்கூடப் போடாம போனவர்தான். உனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு நாள் புத்தகத்தைப் பார்த்துக்கிட்டே, கதவுக்காரன் மேல தப்பு கம்மிதாம்மா, திறக்கிறவங்க மேலதான் நிறையன்னு சொன்ன. படக்கதையைத்தான் சொல்றன்னு நான் வெச்சுக்கிட்டேன். வெச்சுக்கறதுக்கு எனக்கு அது வசதியா இருந்தது.

அதனால இந்தத் தடவை நான் திறக்கல. பழைய தந்திரம்தான்னு நினைச்சேன். உனக்கு முப்பத்திரண்டு வயசு, கடல் தாண்டி இருக்க, உன்னை ஸ்கூல்லருந்து வந்துட்டாளான்னு கேட்டா வேற என்னன்னு நினைக்க. ஆனா கதவு வரைக்கும் எழுந்து போன என் கால் அங்கயே நின்னுடுச்சு. கதவுக்கு அடியில நிழல் தெரிஞ்சுது, ஷூ இல்ல, ரப்பர் செருப்பு, ஒரு கால் ஆடிக்கிட்டே இருந்தது. கொஞ்சம் தண்ணி வேணும்னு கேட்டாரு. என் கை தாழ்ப்பாள் மேல இருந்தது, நானா வெச்ச ஞாபகம் இல்ல. அவ இங்க இல்ல, நீங்க போங்கன்னு சொன்னேன். அப்புறம் சரி, சாயங்காலம் வரேன், அவ பசியோட வருவா, ஏதாவது குடுன்னு சொல்லிட்டு நடந்தாரு. படியில ரொம்ப மெதுவா இறங்கினாரு, ஒவ்வொரு படியும் எனக்குக் கேட்டுது. நான் திரும்பி வந்து நூலைக் கோத்துத் தைக்க ஆரம்பிச்சேன், ஒரு முழுத் திரையையும் தலைகீழாத் தைச்சிருக்கேன்.

சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்தது. சட்டைப் பையில என் விலாசமும் போன் நம்பரும் எழுதின காகிதம் இருந்ததாம். ரோட்டோரம் விழுந்து கிடந்தவரை யாரோ சேர்த்திருக்காங்க, ரெண்டு நாள் உசிரோட இருந்துட்டுப் போயிட்டாரு. நர்ஸம்மாவைத் துணைக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு, பக்குவமாப் பேசினா. இவருக்கு ஒரு வருஷத்துக்கு மேலாவே ஞாபகம் போயிருக்கும்மா, தங்கியிருந்த லாட்ஜ்ல விசாரிச்சோம், மத்தியானமானா தெருத்தெருவாப் போய் எந்தக் கதவைப் பார்த்தாலும் தட்டி, பொண்ணு ஸ்கூல்லருந்து வந்துட்டாளான்னு கேட்பாராம்னு சொன்னா. தந்திரம் இல்ல சின்னு. உண்மையாவே கேட்டிருக்காரு. உண்மையாவே தாகம் எடுத்திருக்கு.

ஃபாரத்துல உறவுமுறைன்னு இருந்த இடத்துல மனைவின்னு எழுதினேன், வேற என்ன எழுதறதுன்னு தெரியல. முகம் ரொம்பச் சின்னதாயிருந்தது. சட்டையில மேல இருந்து ரெண்டாவது பட்டன் இல்ல. என் பையிலதான் ஊசியும் நூலும் எப்பவும் இருக்குமே, ஒரு பட்டனை எடுத்து அங்கயே நின்னு தைச்சேன். நர்ஸம்மா வாசப்பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும்தான் எல்லாத்தையும் முடிச்சோம். உன்னைக் கேட்காம செஞ்சேன்னு உனக்கு வருத்தமோ கோவமோ வந்தா என்னைத் திட்டு, கேட்டுக்கறேன். உன்னை வர வைக்க எனக்கு மனசு வரல, அதுதான் நிஜம்.

அதுலருந்து மூணு மணி ஆனா மெஷினை நிறுத்திடறேன். ஓடற சத்தத்துல கேட்காம போயிடுமோன்னு பயம். தட்டற சத்தம் கேட்குது, தெளிவாவே கேட்குது, போய்த் திறக்கறேன், யாரும் இல்ல, படிக்கட்டுல வெயில்தான் இருக்கு. நர்ஸம்மா கிட்ட சொன்னேன், அவங்க பிரஷர் பார்த்தாங்க. ஒரு நாள் பெட்டியிலருந்த கதவுக்காரன் புத்தகம் நூத்திப் பன்னெண்டையும் தரையில பரப்பி வெச்சு ஒண்ணு விடாம புரட்டினேன். எதைத் தேடினேன் தெரியுமா, அவனுக்குத் திறக்காத ஆள் யாராவது உண்டான்னு. மூணு பேர் இருக்காங்க. மூணு பேருக்கும் ஒரே ஒரு கட்டம்தான், கதவுக்கு முதுகைக் குடுத்து நிக்கிறாங்க, அடுத்த கட்டத்துல கதவுக்காரன் வேற தெருவுக்குப் போயிடறான், கதையும் அவன் பின்னாடியே போயிடுது. திறக்காதவங்க மறுநாள் காலையில எழுந்து என்ன பண்ணினாங்கன்னு பழைய ஓவியரும் வரையல, புது ஓவியரும் வரையல. ஆசிரியருக்கு ரெண்டாவது கடிதம் எழுதறதா இருந்தா இதைத்தான் எழுதுவேன், ஆனா அவங்க அட்டைப்படத்தைப் பத்தித்தான் போடுவாங்க.

திறந்திருக்கணும்னு நான் சொல்லல. தெளிவா எழுதறேன், இன்னைக்கே திரும்ப வந்து நின்னாலும் திறக்க மாட்டேன். ஒரு டம்ளர் தண்ணியை ஜன்னல் வழியா நீட்டியிருக்கலாம், அது மட்டும்தான் உறுத்துது, அந்த உறுத்தல் போகும்னு தோணல. அவருக்குத் திறக்காததுக்கு உன்கிட்ட மன்னிப்பு கேட்கல. அந்த ஏழு தடவை திறந்ததுக்குத்தான் கேட்கறேன். இதை நான் உன் எதிர்ல நின்னு சொல்லியிருக்கணும், பதினாறு வருஷம் முன்னாடியே.

இன்னொண்ணும் இருக்கு, இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அங்க வந்து எங்களோட இருன்னு நீ மூணு வருஷமாக் கூப்பிடற, நானும் வேலை, முழங்கால், குளிர்னு ஏதாவது சாக்கு சொல்லிக்கிட்டே இருக்கேன். வீட்டுச் சொந்தக்காரர் கூடத்தான் எதிர்ல நல்ல வீடு காலியா இருக்குன்னு சொன்னாரு, மாறல. அவர் என்னைக்காவது தேடி வந்தா இந்தக் கதவுலதான் வந்து நிக்கணும், இங்க நான் இருக்கணும், ஆள் இல்லைன்னு விசாரிச்சு விசாரிச்சு உன் வாசலுக்கு வந்துடக்கூடாது. அதுக்குத்தான் இந்த வீட்டுலயே உட்கார்ந்திருந்தேன். இனிமே உட்கார வேண்டியதில்லை. நாப்பது திரையும் இந்த மாசக் கடைசியில முடிஞ்சிடும், அதுக்கப்புறம் வேலை ஏத்துக்கலன்னு கடைக்காரர் கிட்ட சொல்லிட்டேன். நீ வேணும்னா நான் வரேன். வேணாம்னு தோணினாலும் ஒளிக்காம எழுது, நான் தாங்கிக்குவேன்.

நீயும் உன் வீட்டுக்காரரும் ஒருத்தரை ஒருத்தர் பயமில்லாம பார்த்துக்கிட்டு நூறு வருஷம் இருக்கணும், அதுக்கு மேல கேட்க எனக்கு வேற ஆசை இல்ல. உங்க கட்டடம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்னு சொல்லியிருக்க, எத்தனாவது மாடி, லிஃப்ட்லருந்து இறங்கி எந்தப் பக்கம்னு பெரிய எழுத்துல எழுதி அனுப்ப மறக்காத.

என்றும் உன் நினைப்பாவே இருக்கும்,
அம்மா