கணக்கில் வராத வாய்க்கால்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகம் என்று உன் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். உன் சேதி எல்லாம் இப்போது அவள் வழியாகத்தானே எனக்கு வருகிறது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அவள் என்னைவிட ஒரு பிடி கூடுதலாகவே நலம். மாடிக் குளியலறையில் ஒழுகல் ஒருவழியாக நின்றது, உன் தம்பி போன வாரம் வந்து இரண்டு நாள் நன்றாகத் தூங்கிவிட்டுப் போனான், பெரியப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து கைத்தடி ஊன்றி நடக்கிறார், நடப்பதைவிட அந்தத் தடியை ஆட்டி எல்லோரையும் அதட்டுவதுதான் அதிகம். இதெல்லாம் நீ ஃபோனிலேயே கேட்டிருப்பாய். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். ஃபோனில் சொன்னால் நடுவில் சிரித்து மழுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். கொஞ்சம் நீளமாகப் போகும், சின்னவளைத் தூங்கவைத்துவிட்டுப் படி.

இருபத்தாறு வருஷமாக எரிசக்தித் திட்டமிடல் துறையில் எனக்கு ஒரே வேலைதான், புது மின் நிலையம் எங்கே வரலாம் என்று கணக்குப் போடுவது. நிலக்கரி எவ்வளவு தூரத்திலிருந்து வரும், கம்பி எவ்வளவு நீளம் இழுக்கவேண்டும், பத்து வருஷம் கழித்து எத்தனை வீட்டில் ஏசி ஓடும், எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தப் படிவத்தில் தண்ணீருக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் எழுதுவது ஒரே சொல், 'போதுமானது'. எனக்கு முன்னால் இருந்தவரும் அதையேதான் எழுதினார், நான் அவர் எழுதியதைப் பார்த்து எழுதினேன், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. உன் அம்மா ஒருத்திதான் கேட்டாள். குடிநீர் வாரியத்தில் கசிவுப் பிரிவு அவளுக்கு, ரோட்டில் இரும்புக் கம்பியை ஊன்றி மேல்முனையில் காதை வைத்து அடியில் எங்கே தண்ணீர் வீணாகிறது என்று கேட்கிற வேலை. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒருநாள் காலைச் சாப்பாட்டில், "உங்க கரண்டு ஒரு யூனிட்டுக்கு எவ்ளோ தண்ணி குடிக்குது?" என்றாள். நான் "கரண்டு எங்க தண்ணி குடிக்குது, தொட்டா அதுதான் நம்மளக் குடிக்கும்" என்றேன், நீயும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் பாட்டுக்கு விசாரித்திருக்கிறாள், படித்திருக்கிறாள், மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். சூடான நீரைக் குளிர்விக்கிற அந்தப் பெரிய கோபுரங்களிலிருந்து யூனிட்டுக்கு இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகப் போகிறது, அதை மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது, ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போதே தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள் என்று பன்னிரண்டு வருஷம் எழுதியிருக்கிறாள். இந்த வருஷம் ஆரம்பத்தில் உத்தரவு வந்துவிட்டது. இனிமேல் எரிசக்தி ஆராய்ச்சியோ திட்டமோ எதுவானாலும் தண்ணீர்க் கணக்கு இல்லாமல் ஒரு காகிதமும் நகராது. அதற்கு ஒரு குழு, குழுவுக்குத் தலைவி உன் அம்மா. உறுப்பினர்கள் ஏழு பேர், அதில் நான் நாலாவது.

உத்தரவு வந்த அன்று நான்தான் இனிப்பு வாங்கிவந்தேன், நீ ஃபோனில் என் குரலைக் கேட்டிருப்பாய், பெருமையாகத்தான் பேசினேன். பெருமையும் பொய் இல்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவளை அழைத்துப் போக வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. குழுவின் அலுவலகமும் என் கட்டடத்தில்தானே, நானும் அதில் ஏறினேன். பின் சீட்டு முழுக்க அவள் கோப்புகளைப் பரப்பிக்கொண்டதால் நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டட வாசலில் காவலாளி பின் கதவைத் திறந்து சலாம் வைத்தார், என் கதவை நானே திறந்துகொண்டு இறங்கினேன். இருபத்தாறு வருஷமாக என்னைப் பார்க்கிற ஆள் அவர். என்னிடம் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிற புள்ளிவிவரப் பெண், நான் ஒன்று சொன்னால், "மேடம் வேற மாதிரி சொன்னாங்களே சார்" என்கிறாள். மாடிப்படியில் ஒருவர் இன்னொருவருக்கு என்னை அறிமுகம் செய்தார், "இவரு நம்ம மேடத்தோட வீட்டுக்காரர்." என் துறை, என் படிவம், என் மேஜை, அதன்மேல் வேறொருத்தியின் கையெழுத்து, அந்த வேறொருத்தி என் வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். வேறு யாராவது தலைவராக வந்திருந்தால் இப்படி வயிறு எரிந்திருக்காது, இது சத்தியம்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். குழுவின் முதல் வேலை, மலையடிவாரத்து ஏரிக்குப் பக்கத்தில் வரப்போகிற புது அனல்மின் நிலையம். அந்த ஏரி ஒரு ஊருக்கே குடிநீர். நிலையத்தைத் தண்ணீரால் குளிர்விக்காமல் காற்றால் குளிர்விக்கவேண்டும், மின்சாரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்பது உன் அம்மாவின் யோசனை. எவ்வளவு மிச்சமாகும் என்று காட்ட ஆற்றங்கரையில் ஓடுகிற பழைய நிலையத்தின் பத்து வருஷப் பதிவேட்டை எடுத்துக்கொண்டாள். இரண்டு ஊருக்குத் தண்ணீர் மிஞ்சும் என்று கணக்கு வந்தது. சாப்பாட்டு மேஜையில் தாள்களை விரித்து, "எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாருங்க" என்றாள். பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்தது. அந்தப் பதிவேடு ஆற்றிலிருந்து எடுக்கிற தண்ணீரை மட்டும்தான் சொல்லும். எடுத்ததில் ஒரு பங்கு சாம்பல் மேட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் வழியாக மறுபடி ஆற்றுக்கே போய்விடும், அதற்கு மீட்டர் கிடையாது, நாணல் மண்டிக் கிடக்கும், முன்வாசல் வழியாகப் போகிறவர் கண்ணில் படாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அங்கே பயிற்சியில் இருந்தபோது அந்த வாய்க்காலை நின்று வெட்டவைத்தவனே நான். உன் அம்மாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா, "கூட்டல் எல்லாம் சரியா இருக்கு" என்றேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. அதற்குப்பின் ஐந்து வாரம் வாயைத் திறக்கவில்லை. தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன், தினமும் அந்தக் காவலாளி பின் கதவைத் திறப்பார், என் வாய் மூடிக்கொள்ளும்.

கூட்டத்தில் அவள் பேசி முடித்ததும் பழைய நிலையத்தின் மேலாளர் எழுந்தார். குரலுக்காக அவருக்கு டமாரம் என்று பெயர். தண்ணீர்க் கணக்கு கேட்கிற புது விதிமுறையே வரக்கூடாது என்று நினைக்கிறவர், வாய்க்கால் விஷயத்தை இதற்கென்றே மடியில் கட்டி வைத்திருந்தார். "மேடம், எங்க பின்பக்கம் ஒரு வாய்க்கா ஓடுது, பாத்தீங்களா? திருப்பி விடுற தண்ணியையும் நாங்க குடிச்சதா எழுதிட்டீங்க. குழாய்ச் சத்தம் கேட்டுப் பழகின காதுக்கு வாய்க்கா சத்தம் கேக்கலையோ?" என்றார். அறையே சிரித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கண்ணு. உன்னிடம் மறைக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு நிமிஷம் இருக்கும், வெயிலில் நடந்து வந்து நிழலில் நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் அவள் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "பாக்கல சார், என் தப்பு" என்றாள். துறைச் செயலாளர், புது நிலையத்துக்குப் பழைய படிவத்தின் தண்ணீர்க் கட்டமே கணக்காக இருக்கட்டும், மாசக் கடைசியில் கையெழுத்தாகட்டும் என்று முடித்துவிட்டார். திரும்பும்போது காரில் அவள் கோப்பு எதையும் பிரிக்கவில்லை. பாதி வழியில், "ஏங்க, நீங்க அங்கதான டிரெய்னிங்ல இருந்தீங்க, அந்த வாய்க்கா உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "அது எப்பவோ, ஞாபகம் இல்ல" என்றேன். முன் சீட்டில் இருந்ததால் அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது.

இரண்டு நாள் கழித்து நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று ஒரு கடிதத்தை வாசித்துக் காட்டினாள். 'என் கவனக்குறைவால் குழுவின் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது, ஆகவே தலைமைப் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்கும்படி' என்று போனது. வாசித்துவிட்டு, "தமிழ் சரியா இருக்கா?" என்றாள். தட்டை வைத்துவிட்டேன். வாய்க்காலை வெட்டியதிலிருந்து கூட்டல் சரி என்றதுவரை, காரில் சொன்ன பொய்வரை எல்லாம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். "எத்தன நாளா தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். ஐந்து வாரம் என்றேன். "எதுக்குங்க?" என்றாள். வாயில் வந்தது கார்தான். "கார்ல நீ பின்னாடி உக்காந்த" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமாக இருந்தது என்று காதில் விழுந்தது. அவள் கடிதத்தை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ரெடியா இருங்க, அத அளக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று நாள் அளந்தோம். முழங்கால் தண்ணீரில் நான் நிற்பேன், ஓட்டம் அளக்கிற கருவியைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்வேன், கரையில் குடையோடு உட்கார்ந்து அவள் எழுதிக்கொள்வாள். புள்ளிவிவரப் பெண்ணும் கூட வந்தாள். அடுத்த எண் என்ன என்பதைத் தவிர என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. டமாரம் பெரிதாகச் சொன்னாரே தவிர, திரும்பிப் போவது எடுத்ததில் கால் பங்குதான். இரண்டு ஊருக்கு மிஞ்சாது, ஒன்றரை ஊருக்கு மிஞ்சும். ஆனால் மறுபடி கூட்டம் போட்டால்தானே இதைச் சொல்ல முடியும். மாசக் கடைசியில் புது நிலையத்தின் படிவம் என் மேஜைக்கு வந்தது. தண்ணீர்க் கட்டத்தில் 'போதுமானது' என்ற அந்தப் பழைய சொல்லை நான் எழுதவில்லை. ஏரியின் அளவு, அந்த ஊருக்கு வேண்டிய அளவு, நிலையம் குடிக்கிற அளவு மூன்றையும் எழுதி, மிச்சம் இல்லை என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன். காகிதம் அங்கேயே நின்றுவிட்டது, செயலாளர் வேறு வழியில்லாமல் கூட்டத்தைக் கூட்டினார். இதை நான் செய்தேன் என்று இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுவும் ஒரு பக்கம் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் உன் அம்மா புதுக் கணக்கைச் சொன்னாள். நான் எழுந்து, வாய்க்கால் எனக்கு முதலிலேயே தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் நல்ல மனிதர், "இது உங்க வீட்டு விஷயம், குறிப்புல வேண்டாம்" என்றார். உன் அம்மா, "வீட்டு விஷயம் இல்ல சார். ஒரு உறுப்பினர் அஞ்சு வாரம் தகவல மறைச்சிருக்காரு. எழுதிக்கங்க" என்றாள். எழுதிக்கொண்டார்கள். எனக்கு மெமோ வந்தது, குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், என் நாற்காலியில் இப்போது புள்ளிவிவரப் பெண் உட்காருகிறாள். புது நிலையம் காற்றால்தான் குளிரும், கொஞ்சநஞ்சம் வேண்டிய நீருக்கு ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து எடுத்துக்கொள்வார்கள், ஏரியில் கை வைக்கமாட்டார்கள். பத்திரிகையில் படம் வந்தது, நடுவில் உன் அம்மா, ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதே, அது நான்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. காலையில் கார் வந்து நிற்கும் முன்பே கிளம்பி நான் பஸ்ஸில் போகிறேன். கோபமா என்று ஒருநாள் அவளைக் கேட்டேன். "கோபம் இல்ல. நீங்க பாத்துட்டா சரிபாத்த மாதிரின்னு இத்தன வருஷம் நெனச்சிருந்தேன். இனிமே எதையும் நானே ரெண்டு தடவ பாக்கணும், வேலை கூடிப்போச்சு" என்றாள். மெமோவை நான் மறந்துவிடுவேன், இதை மறக்கமாட்டேன்.

உனக்குப் பதவி உயர்வு வந்ததிலிருந்து மாப்பிள்ளை சரியாகப் பேசுவதில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவர் நல்லவர், எனக்குத் தெரியும். நானும் நல்லவன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் சும்மா இருக்கிறார் என்று நினைக்காதே, உள்ளே எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறார். நீயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேள், அற்பமாக ஏதாவது சொல்வார், சிரித்துவிடாதே. வேண்டுமானால் இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு, எனக்கு வெட்கம் ஒன்றும் பாக்கி இல்லை.

வியாழக்கிழமை அந்த வாய்க்காலில் நிரந்தரமாக மீட்டர் வைக்கப்போகிறார்கள். தரை எங்கே சமமாக இருக்கிறது என்று காட்ட ஆள் வேண்டும். நேற்று மத்தியானம் உன் அம்மா என் மேஜைக்கு வந்து, "நீங்க வரணும்" என்றாள். நான் குழுவில் இல்லையே, வீட்டுக்காரனாக வரவா என்று கேட்டேன். "வேண்டாம். எடம் தெரிஞ்ச ஆளா வாங்க" என்றாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடட்டும், மாப்பிள்ளைக்கு உடம்பும் மனசும் லேசாக இருக்கட்டும், சின்னவள் உங்கள் இருவரையும் படுத்தி எடுத்துக்கொண்டு நன்றாக வளரட்டும். பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லி மூன்று மாசம் ஆகிறது, இந்த வாரமே போய் வா.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா